சோபாவுக்கா, கட்டிலுக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெரிய மகள் வணக்கத்துடன் எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

அம்மா போனதிலிருந்து நீங்கள் கட்டில் பக்கமே போவதில்லை, சோபாவில்தான் படுக்கிறீர்கள், பாதம் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அண்ணி போனில் சொன்னார். அதனால் நேற்று போர்வை வாங்கக் கடைக்குப் போனேன். விற்கிற பெண், "சோபாவுக்கா, கட்டிலுக்கா?" என்று கேட்டாள். வேலை செய்யும் விடுதியில் நாள் முழுக்கப் போர்வை மடிக்கிறவள் நான், இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டில் போர்வை இருவருக்கானது. சோபாவுக்கு உள்ளது ஒருவருக்குத்தான்.

உயரத்தில் நான் உங்களை உரித்து வைத்தவள் அல்லவா, சின்னதை எடுத்துக்கொண்டு கடை சோபாவிலேயே படுத்து அளந்து பார்த்தேன். பாதம் மூடியது. முகத்தையும் மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், "அக்கா, இது விக்கிற சோபா, எந்திரிங்க" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சின்னதையே அனுப்புகிறேன். கட்டிலுக்கு எப்போது வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அப்போது சொல்லுங்கள், வாங்கிக்கொள்ளலாம். நான் அவசரப்படுத்தமாட்டேன்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன். ஒன்று மட்டும் அப்பா. அம்மா கடைசியாகப் போர்த்தியிருந்ததை அண்ணி துவைக்க எடுத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்லோரும் அம்மாவைப் பார்த்துவிட்டீர்கள். லீவு கிடைக்காமல் நான்தான் இன்னும் வரவில்லை.

உங்கள் மகள்