பட்டனுக்கு மூன்று கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் நான்கு பக்கத்துக்கு எனக்குப் புத்தி சொல்லி எழுதத் தெம்பு வந்திருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அவ்வளவு நீளமாக எழுதலாமா? எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அந்தப் பாலுக்கு நீதான் பொறுப்பு. போனில் பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ நடுவில் புகுந்து பேசுவாய். கடிதத்தில் வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் என் உடம்பு. "நல்லா இருக்கேன்னு சொல்லியே ஏமாத்துற" என்று கோபித்திருக்கிறாய். சரி, முழுசாகச் சொல்கிறேன். ஒன்பது வருடம் எனக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. மஞ்சளாக, வட்டமாக, நடுவில் கோடு போட்ட மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஆறு மாதத்துக்கு முன்னால் மருந்துக் கடையில் வெள்ளையாக, நீளமாக ஒன்றைக் கொடுத்தார்கள். "என்ன சார், மாத்திரையைத் துவைச்சு வெளுத்துட்டீங்களா?" என்று கேட்டேன். "அதே மருந்துதான்க்கா, கம்பெனி மட்டும்தான் வேற" என்றார் கடைக்காரர். நானும் நம்பி விழுங்கினேன். பன்னிரண்டாம் நாள், தையல் கூடத்தில் பட்டன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே வந்துவிட்டது. ஊசி நகத்தில் இறங்கிவிட்டது. நாக்கையும் கடித்துக்கொண்டதால் மூன்று நாள் பேச்சில்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நிம்மதியாக இருந்தது அந்த மூன்று நாள்தான் என்று உன் அத்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த மூன்று நாளும் தொண்டையில் ஒரு வாய் இறங்காமல் என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்ததை மட்டும் சொல்லமாட்டார்.

டாக்டரம்மா மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை யார் மாத்தினது? என்னை யாரும் கேக்கலையே" என்றார். கம்பெனி மாறினால் எல்லோருக்கும் இப்படி ஆகாதாம். சிலருக்கு ஆகுமாம். யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதாம். அதனால் வலிப்பு மருந்தை மட்டும் கேட்டுவிட்டு, கவனித்துக்கொண்டுதான் மாற்றவேண்டும் என்றார். பழைய மாத்திரையையே திரும்ப எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

நாக்கு ஆறியதும் முதல் வேலையாக மருந்துக் கடைக்குச் சண்டைக்குப் போனேன். மூன்று நாள் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அங்கேதான் கொட்டினேன். அந்த மனிதர் உள்ளே போய்ச் சட்டப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். "மருந்து ஒண்ணா இருந்தா யாரையும் கேக்காம மாத்தலாம்னு இதுல இருக்குக்கா. மொத்தக் கடைக்காரன் அனுப்புறதைத்தான் நான் கொடுக்கிறேன். உங்களை விழ வெச்சது நான்தான்னு நினைச்சா எனக்கும் தூக்கம் வரல" என்றார். யாரைத் திட்டுவது? புத்தகத்தைத் திட்ட முடியுமா? திட்டிப் பார்த்தேன், அது கேட்கவில்லை.

அந்தச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வருகிறது என்று சொன்னவரும் அவர்தான். வலிப்பு மாத்திரையை மாற்றினால் டாக்டரையும் நோயாளியையும் முதலில் கேட்கவேண்டும் என்று அதில் இருக்கிறதாம். சட்டசபைக் குழு ஒன்று மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறது. அடுத்த புதன்கிழமை நான் போகிறேன்.

இனி உன் நான்கு பக்கத்துக்கு வருகிறேன். "பேச வேண்டாம், பேசினாலும் பேர் சொல்லாதே, படம் எடுக்க விடாதே, உனக்குக் கல்யாணம் முடிஞ்சுபோச்சு, எனக்கு இன்னும் ஆகல" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். அப்பா நமக்கென்று விட்டுப்போன சொத்து இந்த வலிப்பு ஒன்றுதான். அதையும் சண்டை போடாமல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் பாதியை ஊரே பார்த்துவிட்டது. உன் பாதியை நீ பூட்டி வைத்திருக்கிறாய். உன் பெட்டியை நான் திறக்கமாட்டேன். ஆனால் என் வாயை நீ பூட்டாதே.

என்னை மெஷினிலிருந்து எடுத்து, நூல் வெட்டும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதையும் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தால்தான் மெஷின் திரும்பக் கிடைக்குமாம். நான் ஒழுங்காக மாத்திரை விழுங்கினால் மட்டும் போதுமா? இன்னொருத்தர் அதை மாற்றாமலும் இருக்கவேண்டுமே. அதனால்தான் போகிறேன். உன் பேச்சை எடுக்கமாட்டேன். இது சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


என் செல்லத் தம்பிக்கு,

பேசிவிட்டேன்! உயிரோடுதான் இருக்கிறேன். பயப்படாமல் உட்கார்ந்து படி.

பெரிய கூடம். நாற்காலி எல்லாம் மெத்தென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. உன் அத்தான் உட்கார்ந்தவர் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்கவேண்டியதாயிற்று. மருந்துக் கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். வாசலில் எழுத்தர் ஒருவர் ஒவ்வொருவரிடமும் ஆவணம் கேட்டு வாங்கினார். மற்றவர்கள் கட்டுக் கட்டாகக் காகிதம் கொடுத்தார்கள். நான் பையிலிருந்து பட்டன் அட்டையை எடுத்து நீட்டினேன்.

பட்டன் அட்டை என்றால் உனக்குத் தெரியாது. எங்கள் தையல் கூடத்தில் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு அட்டை உண்டு. அந்தச் சட்டைக்கு உரிய பட்டன், நூல் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். கீழே சட்டை வாங்குகிறவர், சோதிப்பவர், மேலாளர் என்று மூன்று பேர் கையெழுத்து. பட்டன் தீர்ந்துபோய் வேறு பட்டன் போடுவதென்றால் மூன்று பேரும் திரும்பக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடலாம். பழைய அட்டை ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, பட்டன் ஒட்டியிருக்கு?" என்றார். "ஆமா சார், நாலு ஓட்டையும் சரியா இருக்கு, எண்ணிக்குங்க" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார். அது இப்போது அரசாங்கக் கோப்பில் இருக்கிறது.

என் முறை வந்தது. பேரைச் சொன்னேன். என்ன வேலை, என்ன வியாதி என்று சொன்னேன். அப்பா பேரையோ ஊர்ப் பேரையோ சொல்லவில்லை.  விழுந்த கதையைச் சொல்லி முடித்ததும், குழுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார். "எல்லா மாத்திரையிலும் இருக்கிற மருந்து ஒண்ணுதானம்மா. இப்படிச் சட்டம் போட்டா விலை குறைஞ்ச மருந்து வராம போயிடும். உங்களை மாதிரி ஏழைங்களுக்குத்தானே கஷ்டம்?" என்றார். நியாயமான கேள்விதான். "ஐயா, இத்தனை வருஷமா நான் சாப்பிடுறதும் விலை குறைஞ்ச மாத்திரைதான். மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. கேட்டுட்டு மாத்துங்கன்னு சொல்றேன்" என்றேன். பிறகு அட்டையைப் பற்றிச் சொன்னேன். போன வருடம் நீலப் பட்டனுக்குப் பதிலாக ஒரு சாயல் கூடின நீலப் பட்டனை, யாரையும் கேட்காமல் இரண்டாயிரம் சட்டைக்கு வைத்துத் தைத்துவிட்டோம். சட்டை வாங்குகிறவர் கண்டுபிடித்து, அத்தனையையும் பிரிக்கச் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் உட்கார்ந்து பிரித்தோம். "ஒரு பட்டனை மாத்த மூணு கையெழுத்து வேணும். என் தலைக்குள்ள போற மாத்திரையை மாத்த ஒருத்தரையும் கேக்க வேணாமா? சட்டையைப் பிரிச்சுத் தைச்சுட்டோம் ஐயா. என் தலையைப் பிரிச்சுத் தைக்க முடியாதே" என்றேன்.

 குழுவின் தலைவி அம்மா அட்டையைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு மருந்துக் கடைக்காரர் எழுந்தார். "கேக்கணும்னு சட்டம் இருந்தா மொத்தக் கடைக்காரன்கிட்ட நான் தைரியமா முடியாதுன்னு சொல்வேன். இப்ப எனக்குப் பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

முடிந்தது என்று நான் பையை எடுக்கும்போது, அதே கண்ணாடிக்காரர், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது இருக்காம்மா?" என்று கேட்டார்.

தம்பி, எட்டு வயதில் நீ பள்ளிக்கூட வாசலில் விழுந்ததும், சுற்றி நின்ற பிள்ளைகளை நான் கல்லெடுத்துத் துரத்தியதும் கண் முன்னால் வந்தது. இருக்கிறது என்று சொன்னால் என் பேச்சுக்கு இன்னும் வலு கிடைக்கும் என்றும் தெரிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். "நான் என் கதையைச் சொல்லத்தான் வந்தேன் ஐயா. அடுத்தவங்க கதையை அவங்கதான் சொல்லணும்" என்றேன். உன் அத்தான் வீடு வந்து சேரும்வரை என் கையை விடவில்லை. பேருந்தில் எல்லோரும் பார்த்தார்கள். இந்த வயதில் இது தேவையா?

குழு மசோதாவை ஏற்றுக்கொண்டது. டாக்டரையும் நோயாளியையும் கேட்கவேண்டும் என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் சபையில் ஓட்டெடுப்பு. ஜெயிக்குமா என்று தெரியாது. தோற்றால் இன்னொரு அட்டையோடு திரும்பப் போவேன், என்னிடம் அட்டைக்கா பஞ்சம்!

பத்திரிகையில் படம் வந்தது. வாயைத் திறந்தபடி இருக்கிறேன், அதனால் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. மறுநாள், பக்கத்து மேஜையில் துணி வெட்டுகிறவர் தேநீர் நேரத்தில் என்னிடம் வந்து நின்றார். பதினைந்து வருடமாக வணக்கம் தவிர வேறு பேசாத மனிதர். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மஞ்சள், வட்டம், நடுவில் கோடு. "வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாதுக்கா" என்றார். அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லிவிட்டாராம். அவள் அழுதாளாம். வியாதிக்காக இல்லை, பதினைந்து வருடம் தன்னிடம் மறைத்ததற்காக.

இனி உன் விஷயம். நீ எழுதிய கடைசி மூன்று கடிதத்தில், உங்கள் கிடங்கு அலுவலகத்தில் பில் போடுகிற பெண்ணைப் பற்றி ஐந்து இடத்தில் வருகிறது. நன்றாகச் சிரிப்பாளாம், மழையில் குடை கொடுத்தாளாம். நான் படிக்காதவள்தான், எண்ணத் தெரியும். அவளிடம் சொல். கல்யாணத்துக்குப் பிறகு இல்லை, முன்னாலேயே. அவள் போய்விட்டால், போகிறவள் போகட்டும், உன்னோடு சேர்ந்து அழ நான் இருக்கிறேன். ஆனால் உனக்குக் குடை கொடுத்தவள் இதற்காகப் போவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிடங்கு மேஸ்திரியிடமும் சொல். ஏணியில் ஏறிப் பெட்டி அடுக்குகிற வேலை உனக்கு வேண்டாம், கீழே நின்று செய்கிற வேலை கேள். அங்கே கடையில் கொடுக்கிற மாத்திரை அட்டையை ஒவ்வொரு தடவையும் பழைய அட்டையோடு வைத்துப் பார். மாறியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் விழுங்காதே, கேட்கும்வரை பழையதை நிறுத்தவும் நிறுத்தாதே.

விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தெளியும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். இவ்வளவுதான். எட்டு வயதிலிருந்து இதை உனக்கு நான் செய்தேன். இப்போது நடுவில் கடல் இருக்கிறது, என் கை எட்டாது. அங்கே ஒரே ஒருத்தருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.

நீ நன்றாக இருப்பாய். "சொல்லிட்டேன்க்கா" என்று ஒரு வரி மட்டும் எழுதிப் போடு. நான்கு பக்கம் வேண்டாம்.

வழி பார்த்திருக்கும்
உன் அக்கா