மொட்டை மாடி பாரும் எங்கள் தூக்கமும்

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். நேற்று மிரட்டிய மேகம் பெய்யாமலே போய்விட்டது. வாங்க: பால், துவரம் பருப்பு, காதுக்குப் பஞ்சு.

அவர் மதியமே வந்துவிட்டார். சட்டைக் கை கிழிந்து, முழங்கையில் சிராய்ப்பு.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கம்பி கிழிச்சிருச்சு."

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார். காலையில் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது சென்னீர்குப்பம் தாண்டியதும் கண் அசந்துவிட்டதாம். பஸ் நடுச்சுவரை உரசிக்கொண்டே கொஞ்ச தூரம் போயிருக்கிறது. வண்டி நிறைய ஆட்கள். சாமி புண்ணியம், யாருக்கும் ஒன்றும் இல்லை.

"முன் சீட்டுல ஒரு பொண்ணு கத்துச்சு பாரு, அதுலதான் முழிச்சேன்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

பக்கத்துச் சர்வீஸ் ரோட்டு ஹோட்டல்காரன் தன் மொட்டை மாடியில் பார் திறந்ததிலிருந்து இப்படித்தான். பாட்டுகூடப் பரவாயில்லை. அந்த 'டம் டம்' சுவர் வழியாக இறங்கிக் கட்டிலுக்கே வந்துவிடுகிறது. அவர்கள் நிறுத்துவது ஒரு மணிக்கு. இவர் எழுந்திருப்பது மூன்றரைக்கு.

"யார்ட்டயும் சொல்லிறாத வாசுகி. வேலைக்கு ஆபத்து."

சரி என்றேன். பஸ் பற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் மனு எழுதத்தான் போகிறேன்.

ஜூலை 16, புதன்

ஸ்கூல் ஆபீஸ் வேலைக்கு லீவு போட்டேன். மனுவோடு எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டு பிளாக்கும் ஏறி இறங்கினேன். முழங்கால் போச்சு.

பி பிளாக் ஐ.டி. பையன்: "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமையானா நாங்களே அங்கதான் இருப்போம். நான் எப்படி சைன் பண்றது?" நல்ல பையன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

மூன்றாம் மாடி அம்மா, பாதிக் கதவு: "அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

சங்கச் செயலாளர் ராகவன் சார்: "நீங்க வாடகைக்கு இருக்கறவங்கதானேம்மா? ஓனர்ஸ் போட்டாத்தான் மதிப்பு." ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கண்ணுக்குக் கீழே அவருக்கும் கருவளையம்.

கடைசியாக, கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை போடும் தேவகிக்கா. பின்னால் உள்ள காலனிக்காரர். இங்கே வந்த புதிதில் நான் டைபாய்டில் கிடந்தபோது கேட்காமலே கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். மனுவைப் படித்துக் காட்டினேன்.

"எங்க மருமவன் அங்கதான் கிச்சன்ல கீறான். மூடிட்டாங்கன்னா அவன் இன்னா பண்ணுவான்?"

"மூடச் சொல்லலக்கா. ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் வேணாம்னு மட்டும்தான்."

"அப்டின்னா குடு. எங்க ஊட்டுக் கொயந்தையும் தூக்கி வாரிப் போட்டுகினு அழுவுது."

கோணலாக, பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார். மொத்தக் கையெழுத்திலும் மனசாரப் போட்டது அவர் ஒருவர்தான்.

ஜூலை 20, ஞாயிறு

கார் பார்க்கிங்கில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, கொசு. மனுவை ஸ்டேஷனில் கொடுத்திருந்ததால் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். பார் மேனேஜரும். சின்ன வயது, வெள்ளைச் சட்டை, குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவான குரல்.

"உங்க கஷ்டம் புரியுது மேடம். நாங்க முறையா அனுமதி வாங்கித்தான் நடத்துறோம். சத்தம்னு பாத்தா, கோயில் குழாய் ஸ்பீக்கர்லயும்தானே வருது?"

ராகவன் சார் அதைப் பிடித்துக்கொண்டார். "கரெக்ட். சட்டம் எல்லாருக்கும் பொதுதான் சார். ஆடி பொறந்தாச்சு. இனிமே காலனியில தெனமும் குழாய் கட்டிருவாங்க."

எழுந்தேன். "சார், மனுவுல கோயிலப் பத்தி ஒரு வார்த்த கெடையாது."

"நீங்க உக்காருங்கம்மா. நாங்க பேசிக்கறோம்" என்றார் ராகவன் சார்.

உட்காரவில்லை. பேச்சு அது பாட்டுக்குக் கோயில் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பார் எல்லோருக்கும் மறந்தே போய்விட்டது. அடக்க முடியாமல் பஸ் உரசியதைச் சொல்லிவிட்டேன். எத்தனை உயிர் என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர்: "தூங்காம பஸ் ஓட்டுறாரா? அது தனிக் கேசு ஆகிரும்மா."

பின்வரிசையில் சிரிப்பு.

முடிவு: பார்க்காரர்கள் கண்ணாடித் தடுப்பு வைப்பார்கள். இந்தப் பகுதியில் அனுமதி இல்லாமல் யாரும் குழாய் கட்டக்கூடாது. கைதட்டினார்கள். ஏன் என்று தெரியவில்லை.

வீட்டில் அவரிடம் இதை எப்படிச் சொல்வது? இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலனி அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். தூக்குச் சட்டியோடு வரிசையில் நின்றேன். உச்சி வெயில். ஜீப் வந்தது. குழாயைக் கழற்றி, ஆம்ப்ளிஃபையரோடு ஏற்றினார்கள். "பகல்லகூடவா சார்?" என்று குறுக்கே நின்ற தேவகிக்காவின் மருமகனையும் ஏற்றினார்கள். அவன் கையில் கூழ்க் கரண்டி அப்படியே இருந்தது.

"புகார் குடுத்ததே உங்க ஏரியாதான். கையெழுத்தெல்லாம் கீது" என்று போலீஸ்காரர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீடு வீடாக மனுவோடு திரிந்தவள் நான்தானே.

"அக்கா, சத்தியமா நான் கோயில எழுதலக்கா. நீங்களே படிக்கக் கேட்டீங்கள்ல?"

தேவகிக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நீ எய்தலம்மா. தெரியும். ஆனா உனக்குத் தூக்கம் வர்ணும்னு எங்க ஆத்தா வாய அடச்சிட்டாங்களே. எங் கையெய்த்தும் அதுல கீதே. நான் எங்க போயி சொல்லுவேன்?"

வாங்கிய கூழை என்ன செய்வது என்று தெரியவில்லை. குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

சாயங்காலம் மாடியில் நின்று பார்த்தேன். பாரில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், ரோட்டைப் பார்த்த பக்கம். எங்கள் பக்கம் வெறும் தொட்டிச் செடிகள்.

ஜூலை 31, வியாழன்

மழை. துணி காயவில்லை.

மருமகனை மறுநாளே விட்டுவிட்டார்கள். போலீஸ் கேஸ் வேண்டாம் என்று பார்க்காரன் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான்.

கூட்டத்தில் நான் சொன்னதை யாரோ இவர் கம்பெனி வரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி ஷெட்டில் பஸ் கழுவும் வேலை.

திட்டுவார் என்று நின்றேன். "கழுவுறதுக்குத் தூக்கம் வேணாம்ல" என்றார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டு ஓனர் போன். "சங்கத்துல பேச்சாயிருச்சும்மா. ஆடியில காலி பண்ணச் சொல்ல மாட்டேன். ஆவணி பொறந்ததும் பாத்துக்குங்க." தேன் மாதிரிக் குரல்.

சமைக்கவில்லை. இருவருக்கும் பன், டீ.

ஆகஸ்ட் 6, புதன்

இட்லிக் கடையில் கூட்டம். நான் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் தேவகிக்கா கட்டிக் கொடுத்தார். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

லிஃப்டில் ராகவன் சார். "பாத்தீங்களா, கோயில் பக்கம் எவ்ளோ அமைதி!"

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில், காற்று. திருநின்றவூருக்கு மின்சார ரயிலில் போனோம், வீடு பார்க்க. தரகர் ஸ்டேஷனிலிருந்து கூட்டிப் போனார். ஏரிப் பக்கம், முதல் மாடி, இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு சத்தம் கிடையாது. எங்கேயோ யாரோ துணி துவைக்கிற சத்தம் மட்டும்.

அடுப்படி, குழாய், கழிப்பறை எல்லாம் நான் பார்த்தேன். திரும்பி வந்தால் இவர் காலி அறையில், சுவரில் சாய்ந்தபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போயிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை. எத்தனை நாளாயிற்று இந்தக் குறட்டையைக் கேட்டு!

தரகர் போனைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். "சாரி மேடம். ஓனரு காலைலயே வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாராம். இப்பதான் சொல்றாரு. சாவிய வாங்கிகினு போக ஆளு வந்துகினு கீது. சார எழுப்புங்க."

கீழே பைக் வந்து நிற்கிற சத்தம்.

"ஒரு பத்து நிமிஷம் அவங்கள கீழயே நிக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன்.