பின்னங்காலில் நாலு கணு

ஏற்காடு, 1987

என் செல்லத் தம்பி சவரிக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகவில்லை. அதற்குள் உன் வண்டுப் பெட்டிக்கு வேறு சொந்தக்காரர் முளைத்துவிட்டார். பள்ளி ஹாலில் அதை மாட்டி, ‘சேகரித்து வகைப்படுத்தியவர்’ என்று பூச்சிகளைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறார்கள். இந்த மலையில் அவர் குனிந்து எடுத்த ஒரே பொருள் நழுவி விழுந்த அவருடைய மூக்குக்கண்ணாடி.

பள்ளியில் லேப் அட்டெண்டர் வேலை முடிந்ததும் கரடியூர், கொட்டச்சேடு என்று காபிச் செடிகளுக்கடியில் சருகு கிளறியவன் நீ. எல்லாம் தரைவண்டுகள். பறக்கச் சோம்பல்பட்டு, ஓடி ஓடிப் புழு வேட்டையாடும் குடும்பம். அந்த வரிசையில்தான் டாக்டர் மகராசன் மட்கியதைத் தின்னும் ஒரு கருவண்டைக் குத்தி வைத்தார். குடும்பம் மட்டுமல்ல, பெரும்பிரிவே வேறு. கறுப்பாக இருப்பதெல்லாம் பங்காளியா? எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது இவருக்காகவே சொன்னது.

போன வருடப் பள்ளிக் கண்காட்சியில் நீ எவ்வளவு பணிவாகச் சொன்னாய்!

“ஏனுங்க ஐயா, இது அந்தக் குடும்பமில்லீங்க. தரைவண்டுக்கு எல்லாப் பாதத்துலயும் அஞ்சு கணு இருக்கோணுமுங்க. இதுக்குப் பின்னங்கால்ல நாலுதானுங்க.”

அவர் வண்டைப் பார்க்கவில்லை. உன் காக்கிச் சட்டையைப் பார்த்தார். எந்தக் காலேஜில் படித்தாய் என்று கேட்டார். சுற்றி நின்ற படித்த கூட்டம் சிரித்தது. லென்ஸ் மேசையிலேயே கிடந்தது. எடுத்து எண்ண ஒருவருக்கும் கை வரவில்லை.

அவரை ஏசுவது எனக்குச் சுலபம். அங்கே உயிரியல் டீச்சர் என்று ஒருத்தி நின்றாளே, அவள் என்ன செய்தாள்? “சவரி, ஐயாவுக்கு டீ கொண்டா” என்றாள். நீ டீ வாங்கப் போனாய். ஊட்டுக்கு வந்தும், ‘ஏனக்கா அப்படிச் சொன்னாய்?’ என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே, கண்ணு?

நேற்றுத்தான் லென்ஸை எடுத்தேன். மூன்று முறை எண்ணினேன். நாலுதான்.

வெள்ளிக்கிழமை தகடு திறப்பு விழா. டாக்டருக்கு நன்றியுரை சொல்ல என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த வண்டையும் லென்ஸையும் அவர் கையில் கொடுத்து, மைக் முன்னால் எண்ணச் சொல்வேன். தகட்டில் இருக்க வேண்டிய பெயரைச் சொல்வேன். அந்தப் பெயருக்கு உரியவனை டீ வாங்க அனுப்பியது யார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரீத்தா அக்கா