ஆற்றங்கரைச் சங்குக்காக யாரும் வரவில்லை

ஜனவரி 12
'போன வருடத் தொகை, அதற்குமேல் ஐந்து சதவீதம்' என்ற பழைய மந்திரம் ஒழிந்தது. பட்ஜெட் பிரிவில் என் யோசனை ஏற்கப்பட்டது. இனி ஒவ்வொரு செலவும் பூஜ்யத்திலிருந்து. கேட்கும் துறை நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டும்; வராவிட்டால் ஒதுக்கீடு இல்லை. இடிந்துபோன கட்டிடத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்த அரசு இது. யாராவது ஆரம்பிக்க வேண்டாமா?

பிப்ரவரி 6
முதல் விசாரணை. பேய்ச் செலவுகள் பல ஓடின. கடைசியில், வெள்ளம் வந்தால் ஊதும் ஆற்றங்கரைச் சங்கு. எதிர் நாற்காலி காலி. சங்கைக் கவனித்துவந்த நீர்வளத் துறைப் பொறியாளர் ஓய்வுபெற்றுவிட்டார்; சிக்கனம் கருதி அந்த இடத்தை நிரப்ப வேண்டாமென்று எழுதியது எங்கள் பிரிவுதான். ஆளில்லாத பதவி எப்படி ஆஜராகும்? சொல்லிப் பார்த்தேன். செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார்.
"விதி உங்களோடது. நீங்களே விலக்கு கேட்டா, நாளைக்கு எல்லாரும் வரிசைல நிப்பாங்க."
நியாயம். நீக்கினேன்.

பிப்ரவரி 7
அந்த நாற்காலியை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன். ஏனென்று கேட்டார்கள். இடநெருக்கடி என்றேன்.

ஜூன் 20
தங்கை வந்திருந்தாள். அவள் வீடு ஆற்றோரம். மாதாமாதம் சோதனைக்கு ஊதுவார்களே, இப்போது சத்தமே இல்லை, மாமனார் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று சிரித்தாள். அவள் போனதும் ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

ஜூன் 28
கூடுதல் ஒதுக்கீடு கேட்டுக் குறிப்பு அனுப்பியிருந்தேன். நீர்வளத் துறைதான் கேட்க வேண்டுமாம், திரும்பி வந்தது. அங்கே கேட்பதற்குத்தான் ஆளில்லையே.

செப்டம்பர் 14
மழை.

அக்டோபர் 1
விடிவதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தங்கையும் மாப்பிள்ளையும் மாடியில் தப்பினார்கள். கீழறையில் படுத்திருந்த மாமனார் — ஒரு சத்தம் கேட்டிருந்தா போதும், எழுந்து நடந்திருப்பார். நல்லா நடக்கிற மனுஷன்.

அக்டோபர் 9
தங்கை இப்போது எங்கள் வீட்டில். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கூடமெல்லாம் சேற்று வாடை. மனைவிக்கு அப்படி எதுவும் அடிக்கவில்லையாம்.
"அண்ணா, சங்க நிறுத்தினது யாருன்னு கேட்டு மனு போடணும். ஆபீஸ் பாஷை உனக்குத்தான் வரும். உறைக்கிற மாதிரி எழுதிக் குடு."
எழுதிக் கொடுத்தேன். உறைக்கும்படிதான்.

அக்டோபர் 23
முறைப்படி மேலே போய், முறைப்படி கீழே இறங்கி, சம்பந்தப்பட்ட அலுவலரின் விளக்கத்துக்காக மனு இன்று என் மேசைக்கு வந்தது. பதிலின் நகலை மனுதாரருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். உறைமேல் என் வீட்டு முகவரியை எழுதினேன். உள்ளே வைக்க இன்னும் எதுவும் எழுதவில்லை.