மார்க்கத்தில் வேலை

செல்ல மகனுக்கு,

நல்ல ஃபுட்போல் வீரர்களைப் பொறுக்கியெடுப்பதில் முதலிடத்தில் நிற்கும் பல்கலைக்கழகம் கூப்பிட்டும் நீ போகவில்லை. "இந்தக் கோச்தான் என்னை டிவெலப் பண்ணுவார், அப்பா" என்று கடைசி இடத்து அணியில் சேர்ந்தாய். "சனம் சிரிக்கப்போகுது. உன்ர மட்ச் பார்க்க வரமாட்டன்" என்று கத்தினேன்.

சனிக்கிழமை எனக்கு மார்க்கம் நகரத்தில் வேலை இருந்தது. அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

பள்ளிக்கூட அணியில் ஒரு இடிக்கே விழுந்துவிடுவாய். இப்போது இரண்டு பேர் சேர்ந்து மோதியும் நீ அசையவில்லை. உன் கோச் கெட்டிக்காரர்தான்.

இடது முழங்காலுக்கு ஐஸ் வை; நொண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாய்.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கொத்தமல்லி அவித்துத் தந்த அம்மா, "மார்க்கத்தில ஆரோட இவ்வளவு கத்தினனீங்கள்?" என்று கேட்டா. அடுத்த சனிக்கிழமை அவவுக்கும் மார்க்கத்தில் வேலை இருக்கிறதாம்.

அன்போடு,
அப்பா