மெனு கார்டில் நான் சொன்ன எண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அது போதும். அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்து இருபது நாளாகிறது. பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, அதுதான் இப்போது எனக்குத் தொல்லை. "இத்தனை நாளா இந்த அழுக்குலயா குடித்தனம் பண்ணிட்டிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு காலையிலிருந்து வீட்டைத் துடைக்கிறாள், குனியாதே என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினால் காதிலேயே வாங்குவதில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லு, நீ சொன்னால் கேட்பாள்.

இப்போது இந்தக் கடிதத்தை எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதைச் சொல்கிறேன். நான் சமைக்கும் ஓட்டலுக்குப் பின் தெருவில் ஒரு தையல்காரம்மா கடை வைத்திருக்கிறார். இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன் எட்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நின்று சமைக்க முடியாததால் மதியச் சாப்பாடு தினமும் எங்களிடம்தான். எங்கள் மெனு கார்டில் ஒவ்வொன்றுக்கும் நேராகக் கலோரி போட்டிருக்கிறதே, அதை நம்பி வந்தார். கோழியும் காய்கறியும் வதக்கிச் சோற்றோடு தரும் தட்டுக்கு நானூற்று எண்பது என்று இருக்கும். மூன்று மாதம் அதையே சாப்பிட்டு, ஒரு சின்ன நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். எடை குறையவில்லை, இரண்டு கிலோ ஏறியிருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. ஒருநாள் மதியம் கூட்டம் கலைந்த பிறகு மெல்ல அடுப்படி வாசல்வரை வந்து, "அண்ணா, நான் ஒளிச்சு வச்சுத் தின்னுறேன்னு டாக்டர் நினைக்கிறார், என் வீட்டுக்காரரும் அதையே சொல்றார், நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க, இதுல என்னதான் போடுறீங்க" என்று கேட்டார். எல்லாம் அளவாகத்தான் போடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

ஏனென்றால் அந்த எண்ணைச் சொன்னவனே நான்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்று முதலாளி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதினார். ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒரு கப் சோறு என்று சொன்னேன், அன்றைக்கு அப்படித்தான் போட்டேன். அப்புறம் கூட்டம் ஏறியது, ருசி போதவில்லை என்றார்கள், ஸ்பூன் போய்க் கரண்டி வந்தது, இறக்கும்போது ஒரு கட்டி வெண்ணெயும் சேர்ந்தது. கை அளவு மாறிவிட்டது, கார்டு மாறவில்லை. மறுநாள் மதியம் பாத்திரம் கழுவும் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாவு நிறுக்கும் தராசை எடுத்து, வழக்கமாகச் செய்வதுபோலவே ஒரு தட்டு செய்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். சட்டியில் ஒட்டி நின்ற எண்ணெயைக்கூடக் கழித்துத்தான் கணக்குப் போட்டேன். தொள்ளாயிரத்து அறுபது வந்தது.

அன்று சாயங்காலமே தையல் கடைக்குப் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "இதை டாக்டர்கிட்ட வந்து சொல்வீங்களாண்ணா" என்று மட்டும் கேட்டார். போனேன். அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் டாக்டர் ஃபைலைப் புரட்டி, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று தான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, "என்மேலயும் தப்பு இருக்கும்மா" என்றார். வீட்டுக்காரர் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு என்மேல் கோபம்தான். திருத்தி எழுதச் சொன்னேன், அவர் எண்கள்மேல் தாள் ஒட்டி மறைத்துவிட்டார். பொய் எண் இருப்பதற்கு எண்ணே இல்லாதது மேல் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்கு மட்டும் தினமும் நிறுத்துச் செய்து கொடுக்கிறேன். இதுவரை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது, மீதியையும் அதற்குள் குறைத்துவிடலாம் என்று ஆபரேஷனுக்கு மறுபடி தேதி கொடுத்துவிட்டார்கள்.

நீயும் வேலை நாளெல்லாம் வெளியில்தானே சாப்பிடுகிறாய், அதனால் சொல்கிறேன். கார்டில் வெறும் எண் மட்டும் இருந்தால் நம்பாதே, இத்தனை கிராமுக்கு இத்தனை என்று எடையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா பார். பல கிளைகள் உள்ள கடைகளில் எல்லாவற்றையும் அளந்த பொட்டலமாக அனுப்புவார்கள், அங்கே எண் ஓரளவு சரியாக இருக்கும், அவர்கள் வலைத்தளத்தில் விவரமாகவும் போட்டிருப்பார்கள். எங்களைப்போன்ற சின்ன இடமென்றால் பரிமாறுகிறவரை விட்டுவிட்டு, எண்ணெய் ஸ்பூனிலா கரண்டியிலா என்று சமைக்கிறவரையே கேள். கூச்சப்படாதே. குழம்பையும் சாஸையும் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொள். தட்டில் எண்ணெய் மினுமினுத்தால் கார்டில் உள்ளதைவிடக் கூடவே வைத்துக்கொள்.

போன வருஷம் நீ, சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, கலோரி எண்ணிப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவே மாட்டேன் என்கிறது என்று போனில் அழுதாயே. "யாரை ஏமாத்துற, வாயைக் கட்டு" என்று சொன்னேன். அதற்கப்புறம் மூன்று வாரம் நீ கூப்பிடவில்லை, கூப்பிட்டபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவன், உன் தட்டில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் உன்னையே சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையதுதான் அம்மா, மன்னித்துவிடு. இதைப் போனிலேயே சொல்ல வேண்டியதுதானே என்கிறாள் உன் அம்மா. போனை எடுத்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான் எனக்கு வாயில் வருகிறது.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக வாழ வேண்டும், அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். இந்த மாத ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. என்ன வந்தாலும் உள்ளபடியே எனக்கு எழுது. நீ எழுதுவதை அப்படியே நம்புவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா