கோட்டைக் குழியில் மண் சரிந்த வாரம்

தை 9, திங்கள்

காலையில் நல்ல பனி. அறுப்பு முடிந்துவிட்டது, காட்டூரிலிருந்து கொஞ்சம் பேர் பழவேற்காட்டுக்கு மண் வேலைக்கு. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை, இப்போது மேடும் முள்ளும்தான். தோண்டிப் பார்க்க சர்க்கார் ஆபீசர் வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் குழிக்குள், எனக்கு மண் கூடை. அவர் தம்பி பெண்டாட்டி கன்னியம்மாளும் அதே வரிசையில். பாகம் பிரித்ததிலிருந்து பேச்சில்லை. கூடை கை மாறும்போதும் முகம் பார்க்கவில்லை.

வாங்க வேண்டியது: உப்பு, விளக்குத் திரி.

தை 10, செவ்வாய்

ஏரிக் காற்று. கருவாட்டு வாசனை. நீலப் பூப் போட்ட பீங்கான் துண்டு கிடைத்தது. பிறகு வெள்ளைக் களிமண் புகைக்குழாய், விரல் நீளம். ஆபீசர் குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்தார்.

"முந்நூறு வருசமாம். உள்ள கரி இன்னும் கீது பாரு," என்று குழிக்குள்ளிருந்து இவர் சிரித்தார்.

தை 12, வியாழன்

பொன்னேரி ஆஸ்பத்திரி. நேற்று எழுதவில்லை.

நேற்று சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் குழியின் பக்கச் சுவர் சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. இவர் நின்ற இடத்தில் மண். எனக்குக் கால் நகரவில்லை. முதலில் குதித்தது கன்னியம்மாள்.

"கடப்பாறைய போடாதீங்க, மேல பட்டுடும். கையால வாருங்க."

கருவாடு காயவைத்த குப்பத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஆபீசரும் மண்டி போட்டு வாரினார். தலை தெரிந்தது. முகம் நீலம். கன்னியம்மாள் வாய்க்குள் விரல் விட்டு மண்ணை எடுத்தாள்.

"மாமா, மூச்சு வுடு மாமா."

இருமினார். அந்த இருமல் போதும் எனக்கு, இந்த ஜென்மத்துக்கு.

ஆபீசரின் ஜீப்பில் இங்கே வந்தோம். இடது கால் முறிவு. உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

தை 13, வெள்ளி

வெயில். ஆபீசர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். சரிந்த இடத்தில் செங்கல் வளைவு தெரிகிறதாம், கோட்டையின் நிலவறை. இத்தனை நாள் தேடியது அதைத்தானாம். ஆனாலும் வேலையை நிறுத்திவிட்டார்.

"பலகை முட்டுக் கொடுக்காம இனி யாரையும் இறக்க மாட்டேன். முன்னாடியே கொடுத்திருக்கணும்மா. என் தப்பு."

கோபம் வரவில்லை. அவர் நகங்களும் பிய்ந்திருந்தன.

இவர் படுத்தபடி கேட்டார்: "உள்ள இன்னா சார் இருந்துச்சி?"

மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும். குப்பத்துப் பெண்களின் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். போய்க் கேட்க வேண்டும்.

தை 14, சனி

இவருக்கு ராத்திரி நல்ல தூக்கம். மத்தியானம் கன்னியம்மாள் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். பத்து விரலிலும் துணிக்கட்டு. என்னென்னவோ சொல்ல நினைத்தேன். வந்தது இவ்வளவுதான்:

"சாப்ட்டியா?"

"எங்க சாப்புட்றது அக்கா, இந்தக் கைய வெச்சிக்கினு பெசைய முடியல."

சோற்றைப் பிசைந்தேன். முதல் உருண்டையை அவள் வாய்ப் பக்கம் நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.